சதுப்பு ரோஸ்மேரி வாங்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

சதுப்பு ரோஸ்மேரி எனப்படும் ஆண்ட்ரோமெடா பாலிஃபோலியா வளர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வடக்கே குளிர்ப் பிரதேசச் சதுப்புகளில் வளரும் குட்டைச் செடி இது. குளிர்காலத்திலும் இலை கொட்டாது. வெளிர் ரோஜா நிறத்தில் சின்னச் சின்ன மணிகளாகப் பூக்கும். 1732இல் ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள லாப்லாந்து போன தாவரவியலாளர் லின்னேயஸ், கால் நனைய நிற்கும் இந்தச் செடியைப் பார்த்து, கடற்பாறையில் கட்டப்பட்ட கிரேக்கப் புராண இளவரசி ஆண்ட்ரோமெடாவை நினைத்துக்கொண்டாராம். பெயர் வந்தது அப்படித்தான். நான் மயங்கியதும் அந்தக் கதையில்தான்.

இணையத்தில் ஒரு நர்சரி ‘சதுப்பு ரோஸ்மேரி’ என்று படம் போட்டிருந்தது. வாங்கினேன். வந்த செடியில் ஒடுங்கிய இலை, உள்ளே சுருண்ட ஓரம், வெள்ளை அடிப்பக்கம். எல்லாம் சரி என்று பீட் மாஸில், அதாவது மட்கிய சதுப்புப் பாசியில் நட்டு, அடித்தட்டில் மழைநீர் நிறுத்தினேன். ஒன்றரை மாதத்தில் அடித்தண்டு கறுத்து இலை கொட்டியது. கொட்டியதைக் கசக்கினால் கமகமவென்று வாசனை! சமையல் ரோஸ்மேரி. வறண்ட சரிவில் வளர வேண்டியதைச் சேற்றில் அமுக்கிக் கொன்றிருக்கிறேன்.

என் தப்பும் உண்டு, நிதானமாகப் பார்த்திருக்கலாம். ரோஸ்மேரி இலையின் அடியில் இருப்பது கம்பளி மாதிரி மெல்லிய ரோமம். ஆண்ட்ரோமெடாவில் அது வழவழப்பான மெழுகுப் பூச்சு. ரோஸ்மேரி இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும். ஆண்ட்ரோமெடாவில் மாறி மாறி வரும். கசக்கினால் அந்த வாசனையும் வராது.

நர்சரியிடம் கேட்டதற்கு, “நீங்கள் தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டீர்கள்” என்று பதில். சண்டை போட்ட பிறகு இன்னொன்று அனுப்பினார்கள். இந்த முறை செடி அசல்தான், ஆனால் மண் மோசம். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலையெல்லாம் மஞ்சள். தொட்டி மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டதும் புசுபுசுவென்று பொங்கியது. சுண்ணாம்பு! அமில மண்ணில் வாழும் செடி இது. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் வெளுத்துப்போகும். முடி போன்ற வேர்கள் அறுந்துவிடாமல் மழைநீரில் அலசிப் பீட்டுக்கு மாற்றினேன். உரம் எதுவும் போடவில்லை. இப்போது இரண்டு துளிர் விட்டிருக்கிறது.

இதெல்லாம்கூடப் போகட்டும். செடியோடு வந்த அட்டையிலும் விற்பனைப் பக்கத்திலும், ‘இலையைத் தேநீரில் போடலாம், சமையலுக்கும் ஏற்றது’ என்று போட்டிருக்கிறார்கள். ரோஸ்மேரிக்கு எழுதியதை அப்படியே இதற்கும் ஒட்டிவிட்டார்கள் போல. ஆண்ட்ரோமெடா இலையில் கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும், இதயத் துடிப்பு தளர்ந்துபோகும். வாங்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஓர் இலைகூட வாயில் வைக்காதீர்கள்.

நர்சரிக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். விற்பனைப் பக்கத்தில் அந்த வரி இன்றும் அப்படியே இருக்கிறது.