பழைய லேப்டாப்புக்கு ஒரு வைஃபை டாங்கிள்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் என் பழைய லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி காணாமல் போகும். வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்று சொல்லும் ஆர்எஃப்கில் கட்டளை எந்தத் தடையும் காட்டவில்லை. வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றிப் போட்டும் பலனில்லை. சரி என்று ஏத்தரோஸ் ஏஆர்9271 சிப் வைத்த டாங்கிளை (யூஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை கருவி) ஆன்லைனில் வாங்கினேன். கோத்தகிரிக்கு வந்து சேரத்தான் தாமதம்.

இதற்கான டிரைவர் 2010-இல் வந்த 2.6.35 பதிப்பிலிருந்தே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கிறது. டாங்கிளுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் பொதி மட்டும் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. அதற்கு இணையம் வேண்டுமே! போனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் போட்டு, அதன் இணையத்தை வைத்துச் சமாளித்தேன். அப்புறம் தொல்லையே இல்லை. மோடம் முன்னறையில், நான் உட்காருவது அடுப்படியில் (ஜூன் மாதக் குளிருக்கு வேறு போக்கிடம் ஏது?). நடுவில் கருங்கல் சுவர். அங்கேயும் சிக்னல் நிற்கிறது.

2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். பெட்டியில் 150 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும், அதில் பாதி கிடைத்தாலே பெரிசு. வீடியோ அழைப்புக்குப் போதும். ஆன்டெனா நீட்டிக்கொண்டு நிற்பதால் மடியில் வைத்து வேலை செய்ய முடியாது.

அதே பெட்டியில் வேறு சிப்பை வைத்தும் விற்கிறார்கள். யூஎஸ்பியில் மாட்டியவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் 0சிஎஃப்3:9271 என்ற அடையாள எண் வராவிட்டால் யோசிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.