எட்டுப் படங்களில் எட்டு ஆச்சிகள்: சிறுகதைக்குப் படம் போட இலவச ஏஐ கருவிகள்

என் சிறுகதைத் தொகுப்பை மின்னூலாகவும், உள்ளூர் அச்சகத்தில் நூறு படிகளாகவும் கொண்டுவர முடிவு செய்தபோது, கதைக்கு ஒரு படமாவது இருக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆசையை விளக்க வேண்டியதில்லை. கோபுலு, ஜெயராஜ், மாருதி ஆகியோர் வரைந்த முகங்களோடுதான் பல கதாபாத்திரங்கள் இன்றும் நம் நினைவில் இருக்கின்றன. ஓவியருக்கென்று பணம் ஒதுக்கியிராததால், இலவசமாகப் படம் உருவாக்கித் தரும் ஏஐ கருவிகளை ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்தேன். உலாவியில் இயங்கும் சேவைகள் மூன்று; நான்காவது, சொந்தக் கணினியில் நிறுவிக்கொண்ட ஸ்டேபிள் டிஃப்யூஷன். உலாவிச் சேவைகளின் இலவச வரம்பும் விதிகளும் அடிக்கடி மாறுவதால் அவற்றின் பெயர்களைக் குறிப்பிடப் போவதில்லை. இவ்வகைக் கருவி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது மட்டுமே இந்த மதிப்புரை.

சோதனைக்கு நான் எடுத்துக்கொண்டது 1970களில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமமொன்றில் நடக்கும் கதை. வீட்டுத் திண்ணையில் இட்லிக் கடை நடத்தும் 65 வயது வடிவாச்சிதான் நாயகி. கணவரை இழந்தவர், வெள்ளைச் சேலை, ரவிக்கை கிடையாது, நெற்றியில் பொட்டு இல்லை, காதில் பாம்படம். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பது கதையின் முடிவுக்கு முக்கியம். இவ்வளவையும் எழுதிக் கொடுத்தபோது முதல் சேவை அனுப்பிய படத்தில், பட்டுக்கரைச் சேலை உடுத்தி, பெரிய சிவப்புப் பொட்டும் ராஜஸ்தான் பாணி மூக்கு வளையமும் அணிந்த மூதாட்டி ஒருவர் சுற்றுலாத் துறை விளம்பரத்தில் சிரிப்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் மூங்கில் கூடையில் அடுக்கியிருந்த இட்லிகளின் மேற்புறம் மோமோவைப்போல மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது. பின்னால் தொங்கிய கடைப்பலகையின் எழுத்துகள் தூரத்திலிருந்து கன்னடம்போலவும் கிட்டத்தில் எந்த மொழியும் அல்லாததாகவும் தெரிந்தன.

இரண்டாவது சேவை இந்த வருணனையை வாங்கவே மறுத்துவிட்டது. ரவிக்கை அணியாத பெண் என்பது அதன் வடிகட்டிக்கு ஆபாசம். அந்தச் சொற்களை நீக்கிவிட்டு, அரிவாள்மனையில் வாழைப்பூ நறுக்கும் காட்சியைக் கேட்டால், கூரிய ஆயுதம் என்ற எச்சரிக்கை வந்தது. நம் பாட்டிமார் அன்றாடம் உட்கார்ந்திருந்த கோலம் ஆபாசத்துக்கும் வன்முறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது எனக்குச் சிரிப்பையும் எரிச்சலையும் சேர்த்தே தந்தது.

இப்படி நடப்பதற்குக் காரணம் உண்டு. இக்கருவிகள் இணையத்தில் கிடைத்த படங்களையும் அவற்றோடு ஒட்டியிருந்த சொற்களையும் இணைத்துக் கற்றவை. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் பயிற்சிக்கு அடிப்படையான லயான்-5பி தொகுப்பில் சுமார் 585 கோடிப் படங்கள் இருந்தன. பாம்படம் என்ற சொல்லோடு சேர்ந்து வந்தவை அவற்றில் மிகச் சொற்பமாகவே இருந்திருக்க முடியும். தெரியாத சொல்லைக் கருவி ‘தெரியாது’ என்று சொல்வதில்லை; அதற்கு மிக அருகில் உள்ள பரிச்சயமான படத்தை எடுத்து நிரப்பிவிடுகிறது. ஆகவே பொருளின் பெயரைச் சொல்வதைவிட, பொருளைத் தெரியாதவருக்கு விவரிப்பதுபோல அதன் உருவத்தைச் சொல்வது பலன் தருகிறது. ‘தோள்வரை தொங்கும் காது மடல், அதில் உருண்டையும் சதுரமுமான கனத்த தங்கத் துண்டுகள்’ என்று எழுதிய பிறகு பாம்படத்துக்குத் தூரத்து உறவான ஏதோ ஒன்று வந்தது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளில் ப்ராம்ப்ட்டை, அதாவது நாம் எழுதிக் கொடுக்கும் வருணனையை, ஆங்கிலத்தில்தான் கொடுத்தாக வேண்டும். அவை வருணனையைச் சிறு சொல் துண்டுகளாக (டோக்கன்) உடைத்து, ஒரு நேரத்தில் 77 துண்டுகளை மட்டுமே வாசிக்கும். தமிழ் எழுத்துகள் பல துண்டுகளாக உடைவதால் ஒரு வாக்கியம் முடிவதற்குள் அந்த அளவு தீர்ந்துவிடும். நாம் எழுதுவதைப் புரிந்துகொள்ளும் மொழி மாதிரியை (சாட்ஜிபிடி போன்றது) முன்னால் வைத்துக்கொண்டு இயங்கும் புதிய சேவைகளுக்குத் தமிழிலேயே எழுதலாம், புரிந்துகொள்கின்றன.

இவையெல்லாம் பொறுமையால் சரிசெய்யக்கூடிய குறைகள். கதைக்குப் படம் போடுகிறவரை உண்மையில் கைவிடும் குறை வேறு: ஒரே ஆளை இரண்டாம் முறை வரைய இவற்றுக்கு வருவதில்லை. கடை திறக்கும் வடிவாச்சி, மழைக்கு ஒதுங்கி நிற்கும் வடிவாச்சி, பேரனுக்கு ஊட்டும் வடிவாச்சி என்று எட்டுப் படங்கள் கேட்டேன். எட்டு வெவ்வேறு ஆச்சிகள் வந்தார்கள். ஒவ்வொரு படமும் தற்செயலான புள்ளிக் குழப்பத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகத் தெளிந்து வருவதால், முந்தைய முகம் கருவியின் நினைவில் இருப்பதில்லை. தொடக்கக் குழப்பத்தைத் தீர்மானிக்கும் ‘சீட்’ எண்ணை மாற்றாமல் வைத்தால் ஓரளவு ஒத்த முகம் கிடைக்கிறது என்றாலும், காட்சியை மாற்றியதும் முகமும் நழுவிவிடுகிறது. மாதிரிப் படத்தைக் கொடுத்து ‘இவரையே வரை’ என்று கேட்கும் வசதி சில சேவைகளில் உண்டு. நான் பயன்படுத்தியதில் அது ஒரு நாளைக்கு மூன்று படங்களோடு நின்றுவிட்டது. சொந்தக் கணினியில் ‘லோரா’ என்ற முறையில் ஒரு முகத்தைக் கருவிக்குப் பழக்கலாம். அதற்கு அந்த முகத்தின் பதினைந்து இருபது படங்கள் முதலில் கையில் இருக்க வேண்டும். அவை இருந்தால் நான் ஏன் இவ்வளவு பாடுபடுகிறேன்? இடக்கை விஷயத்தைப் பற்றி எழுதவே தயக்கமாக இருக்கிறது. கரண்டி வலக்கையிலேயே இருந்தது. கடைசியில் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப்போட்டேன், சேலையின் முந்தானை தோள் மாறிவிட்டது.

ஆள் இல்லாத காட்சிகளில் இதே கருவிகள் அசத்துகின்றன. விடியுமுன் திண்ணை, தூணோரம் அரிக்கேன் விளக்கு, ஓட்டிலிருந்து சொட்டும் மழைநீர் என்று கேட்டதற்கு மூன்றாவது சேவை தந்த படம், விளக்கொளி ஈரத் தரையில் நீளமாக விழுந்திருந்த விதத்தில், நான் எழுதிய பத்தியைவிட நன்றாக இருந்தது. அடுப்புப் புகை, வெறிச்சோடிய பேருந்து நிறுத்தம், பனங்காட்டு வெயில் போன்றவற்றுக்கு இரண்டு மூன்று முயற்சிகளே போதும். ஓடு மட்டும் நாட்டு ஓடாக வரவில்லை.

சொந்தக் கணினியில் நிறுவுவதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். என்னுடைய பழைய மடிக்கணினியின் கார்டில் 4 ஜிபி நினைவகமே உள்ளதால், 512 புள்ளி அகலப் படம் ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை, நாள் வரம்பு இல்லை, இணையமும் தேவையில்லை என்பதால் அந்த ஒரு நிமிடம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அச்சுக்குப் போகிறவர்கள் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் படம் பெரும்பாலும் 1024 புள்ளிச் சதுரம்; அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சுத் தரத்தில் அது எட்டரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் வரும். ஏ5 புத்தகத்தில் அரைப் பக்கப் படத்துக்கு ஒப்பேற்றலாம், முழுப் பக்கத்துக்கு இழுத்தால் மங்கும்.

படங்களின் உரிமையும் நம் கையில் முழுதாக நிற்பதில்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் காமிக்ஸ் நூல் ஒன்றின் எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டு, மிட்ஜர்னி என்ற ஏஐ கருவி உருவாக்கிய படங்களுக்கு மறுத்துவிட்டது. எழுத்தாளர்களே நூல் வெளியிட உதவும் அமேசான் கேடிபியில் மின்னூல் ஏற்றுகிறவர்கள், அட்டைப்படம் உட்பட ஏஐ உருவாக்கிய படம் இருந்தால் அதைத் தெரிவித்தாக வேண்டும் என்ற விதி 2023 செப்டம்பரில் வந்தது. வாழும் ஓவியர் ஒருவரின் பெயரைச் சொல்லி ‘அவர் பாணியில்’ என்று கேட்பதை நான் செய்யவில்லை. தம் படங்கள் அனுமதியின்றிப் பயிற்சிக்கு எடுக்கப்பட்டதாக அமெரிக்காவில் ஓவியர்கள் மூவர் 2023 ஜனவரியிலேயே வழக்குத் தொடுத்திருக்கிறார்கள்; அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

தொகுப்பில் கடைசியாகச் சேர்ந்த கருவிப் படங்கள் நான்கு. எதிலும் ஆள் இல்லை. வடிவாச்சியை மட்டும் கவின்கலைக் கல்லூரியில் படிக்கும் மாணவி ஒருவரிடம் பணம் கொடுத்து வரைய வைத்தேன். கதையைப் படித்துவிட்டு அவர் அனுப்பிய பென்சில் கோட்டுப்படத்தில் கரண்டி இடக்கையில் இருந்தது; பாம்படத்தின் கனத்துக்குக் காது மடல் லேசாக முன்னால் சரிந்திருந்தது. உள்ளட்டையில் மாணவியின் பெயரையும், அதன்கீழ் ‘மற்றப் படங்கள் ஏஐ கருவி வழி உருவாக்கப்பட்டவை’ என்ற வரியையும் அச்சிட்டிருக்கிறேன்.