எழுத உட்காரும் முன் ஒரு கோப்பை: நீலகிரி உறைபனித் தேயிலை

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறிக்கும் இந்த ஆர்த்தடாக்ஸ் (தூளாக்காமல் இலையாகவே உருட்டிப் பதப்படுத்திய) இலைத்தேயிலை, காலையில் எழுதுகிறவர்களுக்கு அருமையான துணை. 200 மில்லி தண்ணீருக்கு 2.5 கிராம், மூடி போட்டு மூன்று நிமிடம். அதற்குள் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, நேற்று பாதியில் விட்ட வரியைக் கையால் திரும்ப எழுதுங்கள். வடிகட்டும்போது பெரும்பாலும் அடுத்த வரி வந்துவிடும்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92–93 டிகிரியிலேயே கொதிக்கும். அதனால் அங்கே கொதித்த கையோடு ஊற்றுங்கள், ஆறவிட்டால் மணம் எழாது. ஐந்து நிமிடம் ஊறினால் துவர்ப்பு ஏறும். பால் வேண்டவே வேண்டாம், மலர் வாசம் அமுங்கிவிடும்.

டஸ்ட் டீயைவிட விலை அதிகம்தான். ஆனால் அதே இலை இன்னொரு முறையும் தாங்கும். காற்றுப்புகா டப்பா அவசியம், மழைமாத ஈரத்தில் இலை நமுத்துவிடும்.