சம்பள ஒப்பீட்டுத் தளங்கள்: அந்த எண்ணை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது

பதவி, அனுபவம், ஊர், படிப்பு என்று நான்கைந்து கட்டங்களை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் 'உங்கள் சந்தை மதிப்பு' என்று ஓர் எண் வந்து நிற்கும். கிளாஸ்டோர், பேஸ்கேல், லெவல்ஸ் எஃப்ஒய்ஐ போன்ற தளங்களுக்குப் பெரும்பாலானோர் போவது இந்த எண்ணுக்காகத்தான். வேலை மாறப்போகிறவருக்கு இவை நல்ல கருவி. ராத்திரி தூக்கம் வராமல், கூடப் படித்தவர்களோடு ஒப்பிட்டு நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்க்கப் போகிறவருக்கு மோசமான கருவி. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இவை அளப்பது பதவியின் விலையை.

நிறுவனங்களுக்குள் சம்பளம் நிர்ணயமாகும் விதம் தெரிந்தால் இது புரியும். ஓரளவு பெரிய நிறுவனங்களில் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே பதவிக்கு விலை போட்டுவிடுவார்கள். எட்வர்ட் ஹே என்பவர் 1950-களில் கொண்டுவந்த முறையின் வழித்தோன்றல்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. பதவிக்குத் தேவைப்படும் அறிவும் திறனும், அதில் தீர்க்க வேண்டிய சிக்கல்கள், அது சுமக்கும் பொறுப்பு ஆகிய மூன்றுக்கும் புள்ளிகள் போடுவார்கள். நாற்காலி காலியாக இருக்கும்போதே இந்தக் கணக்கு முடிந்துவிடும். புள்ளிகளைக் கூட்டி ஒரு கிரேடு, அந்தக் கிரேடுக்கு ஒரு சம்பள வரம்பு. வரம்பின் நடுப்புள்ளியை 100 என்று வைத்தால் கீழ் எல்லை 80, மேல் எல்லை 120 என்பது பரவலான வழக்கம்.

ஒருவரின் சம்பளத்தை அந்த நடுப்புள்ளியால் வகுத்தால் கிடைப்பதை ஹெச்ஆர் வட்டாரத்தில் காம்பா ரேஷியோ என்பார்கள். புதிதாகப் பதவி உயர்வு பெற்றவர் பெரும்பாலும் 0.85 பக்கம் இருப்பார். 1.15-ஐ எட்டியவருக்கு, எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், அடுத்த இன்கிரிமென்ட் சின்னதாகத்தான் வரும். வரம்பின் உச்சி நெருங்கிவிட்டது, அவ்வளவுதான். 'நான் இவ்வளவு உழைத்தும் இவ்வளவுதானா' என்ற குமுறலில் பாதிக்கு இந்தக் கணக்கே காரணம். இந்தத் தளங்களில் காம்பா ரேஷியோவைப் பார்க்க முடியாது. அது நிறுவனத்தின் கோப்புக்குள் இருக்கும்.

இனி தளங்கள். கிளாஸ்டோர் 2008-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. 'நீ கொடுத்தால் நான் காட்டுகிறேன்' என்பது அதன் அடிப்படை: உங்கள் சம்பளத்தையோ நிறுவனத்தைப் பற்றிய கருத்தையோ பதிந்தால்தான் மற்றவர்களுடையதை முழுதாகப் பார்க்கலாம். தகவல் குவிவதற்கு இது நல்ல உத்தி. ஆனால் கதவு திறந்தால் போதும் என்று அவசரத்தில் உத்தேசமாக ஓர் எண்ணைத் தட்டிவிட்டுப் போவதற்கும் இது இடம் கொடுக்கிறது. பதிவுகள் நூற்றுக்கணக்கில் உள்ள பெரிய நிறுவனம் என்றால் இந்தக் குப்பை கரைந்துபோகும். ஏழெட்டுப் பதிவுகள் மட்டுமே உள்ள நிறுவனத்தில் ஒரே ஒரு பொய் எண் படத்தையே மாற்றிவிடும். இத்தளத்தில் உள்ள நேர்காணல் கேள்விகளின் தொகுப்பு, எங்கள் பார்வையில், சம்பள எண்ணைவிடப் பயனுள்ளது.

லெவல்ஸ் எஃப்ஒய்ஐ 2017-இல் வந்தது. மென்பொருள் துறையில் பெரிய நிறுவனங்களுக்குப் போகிறவர்களுக்கு இதுதான் மிகத் துல்லியமானது. பதவிப் பெயரை நம்பாமல், நிறுவனம் தன் ஊழியர்களுக்குள் வைத்திருக்கும் படிநிலையைப் பிடித்துக்கொள்வதே இதன் பலம். ஒரு நிறுவனத்தில் 'சீனியர்' என்பவர் இன்னொன்றில் சாதாரணப் பொறியாளராக இருக்கலாம். கூகுளின் எல்4 மெட்டாவில் இ4-க்கு ஏறக்குறைய இணை என்பதுபோல் நிலைகளை அருகருகே அடுக்கிக் காட்டுகிறது. மென்பொருளை விட்டு வெளியே வந்தால், அதாவது ஆசிரியர், செவிலியர், கணக்கர் என்று போனால், இதனால் பெரிய பயன் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது மொத்தச் சம்பளம் என்ற எண். அடிப்படைச் சம்பளம், போனஸ், நிறுவனப் பங்கு மூன்றும் அதில் சேர்ந்திருக்கும். பங்கு பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் பிரித்துத் தரப்படும். 400 மதிப்புள்ள பங்கு என்றால் ஆண்டுக்கு 100 என்று சராசரி போட்டுக்கொள்வது வழக்கம். ஆனால் சில நிறுவனங்கள் 5, 15, 40, 40 சதவீதம் என்று பிரிக்கின்றன. அப்படியானால் முதல் ஆண்டில் கையில் வருவது 20 மட்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் வெளியேறினால் மொத்தமே 80. பங்கின் விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்தக் கணக்கு மறுபடி மாறும். சேரும்போது ஒருமுறை மட்டும் தரும் போனஸையும் சிலர் ஆண்டுச் சம்பளத்தில் சேர்த்துப் பதிந்திருப்பார்கள். ஆகவே அடிப்படைச் சம்பளத்தை மட்டும் தனியே எடுத்து ஒப்பிடுங்கள். மற்றவற்றை அடுத்த வரியில் வைத்துக்கொள்ளலாம்.

பேஸ்கேல் 2002 முதல் இயங்குகிறது. நீளமான கேள்விப் பட்டியல், பொறுமை வேண்டும். பலன், எது எண்ணை நகர்த்துகிறது என்பது தெரியவரும். மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு பட்டத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிறகு அனுபவத்தை மட்டும், அதன்பின் ஒரு குறிப்பிட்ட திறனை மட்டும். எண் நகரும்போது ஒன்றை மறக்கக் கூடாது: அதே பதவியில் முதுகலை முடித்தவர்களுக்குச் சம்பளம் கூடுதலாக இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது. நீங்களும் இரண்டு ஆண்டு படித்துவிட்டு வந்தால் அந்தக் கூடுதல் உங்களுக்கும் வரும் என்று சொல்லவில்லை. அவர்கள் வேறு வகை நிறுவனங்களில் இருக்கலாம், வேறு துறையில் இருக்கலாம்.

சராசரியா, இடைநிலையா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஐந்து பேரின் சம்பளம் 30, 32, 35, 38, 165 என்றால் சராசரி 60. வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்கும் 35-தான் இடைநிலை. ஐந்தில் நான்கு பேர் 'சராசரிக்குக் கீழே'. தளம் சராசரியை மட்டும் காட்டினால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

கல்லூரிப் பெயரை வைத்து மதிப்பிடும் பட்டியல்கள் இவற்றைவிடச் சிக்கலானவை. பேஸ்கேலின் கல்லூரிச் சம்பளப் பட்டியல் 0–5 ஆண்டு அனுபவமுள்ளவர்களின் ஊதியத்தையும், 10 ஆண்டுக்கு மேல் ஆனவர்களின் ஊதியத்தையும் தனித்தனியே காட்டுகிறது. இளங்கலையோடு நிறுத்தியவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் வரிசையில், பிறகு மருத்துவமோ சட்டமோ ஆராய்ச்சியோ படிக்கப் போனவர்கள் கணக்கிலேயே இல்லை. பொறியியல் மட்டும் சொல்லித்தரும் கல்லூரி இயல்பாக மேலே ஏறும். ஆசிரியர்களையும் சமூகப் பணியாளர்களையும் உருவாக்கும் கல்லூரி கீழே போகும். கற்பித்தலின் தரத்துக்கும் இந்த ஏற்றத் தாழ்வுக்கும் தொடர்பு மிகக் குறைவு.

உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் க்யூஎஸ் தரவரிசையிலும் இதே கதை. 2024 பதிப்பில் வந்த மதிப்பெண் பங்கீட்டின்படி கல்வியாளர்களிடையே உள்ள பெயருக்கு 30 சதவீதம், வேலை தருபவர்களிடையே உள்ள பெயருக்கு 15. ஆக 45 சதவீதம் கருத்துக் கணிப்பு. பட்டதாரிகளின் வேலை நிலைக்கு 5 சதவீதம். வேலைக்கு ஆள் எடுப்பவர் இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பங்களைக் கழிப்பது சோம்பேறித்தனம் என்றே சொல்ல வேண்டும்.

பட்டத்துக்குப் பயனே இல்லை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதிய கட்டுரை இதை விளக்கியது: விண்ணப்பிப்பவரின் திறமை வேலை தருபவருக்குத் தெரியாது, அதனால் பட்டத்தை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அடையாளத்தின் வேலை வாசல்வரைதான். ஆள் உள்ளே வந்து சில ஆண்டுகள் வேலை செய்து காட்டிய பிறகு, முன்பு தெரியாதது நேரிலேயே தெரிந்துவிடுகிறது. ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இன்னும் நேரடியானது. ஒரேமாதிரியான பல கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களை ஒப்பிட்டபோது, அவற்றில் அதிகம் வடிகட்டிச் சேர்க்கும் கல்லூரிக்குப் போனவர்கள் பொதுவாக அதனால் கூடுதலாகச் சம்பாதிக்கவில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆதாயம் தெரிந்தது. கல்லூரிப் பெயருக்காக ஆளைத் தூக்கியும் தாழ்த்தியும் பேசுகிறவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

தளத்தைப் பார்ப்பதே மனதை எப்படிப் பாதிக்கும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களில் சிலருக்கு மட்டும், சக ஊழியர் சம்பளங்களைக் காட்டும் இணையதளம் ஒன்று இருப்பதைத் தெரிவித்தார்கள். 2012-இல் முடிவு வெளிவந்தது. தம் பிரிவில் இடைநிலைக்குக் கீழே இருந்தவர்களின் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே இருந்தவர்களுக்குச் சந்தோஷம் கூடவில்லை. கீழே இருப்பவருக்கு நஷ்டம், மேலே இருப்பவருக்கு லாபமும் கிடையாது. காரணமில்லாமல் உள்ளே போய்ப் பார்ப்பதற்கு இதைவிட மோசமான பேரம் இல்லை.

காரணத்தோடு போகிறவர்களுக்கு வழி இது. பதவிப் பெயரை விட்டுவிட்டு வேலை விவரத்தைப் படித்து, அதற்குப் பொருந்தும் இரண்டு மூன்று பெயர்களில் தேடுங்கள். கடந்த 12 மாதப் பதிவுகளை மட்டும் எடுங்கள். உங்கள் அனுபவத்துக்கு இரண்டு ஆண்டு முன்பின் இருப்பவர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை நீக்குங்கள். 25, 50, 75-ஆம் சதமான எண்களை, அதாவது நூறு பேரைக் குறைந்த சம்பளத்திலிருந்து வரிசையாக நிறுத்தினால் அந்த இடங்களில் நிற்பவர்களின் சம்பளத்தை, குறித்துக்கொள்ளுங்கள். உச்சத்தையும் அடிமட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டாம். பிறகு சம்பள வரம்போடு வெளியான வேலை விளம்பரங்களோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் விளம்பரத்தை நம்புங்கள், அது நிறுவனமே எழுதியது.

வேலை நேரத்தை இந்தத் தளங்களின் எண் சொல்லாது. வாரம் 40 மணி நேரத்துக்கு 100 என்பது மணிக்கு 2.5, 55 மணி நேரத்துக்கு 125 என்பது மணிக்கு ஏறக்குறைய 2.27. 25 சதவீத உயர்வு என்று சொல்லி இறக்கத்தை விற்பது இப்படித்தான்.

பேச்சுவார்த்தையில் 'தளத்தில் இவ்வளவு போட்டிருக்கிறது' என்று ஆரம்பித்தால் ஹெச்ஆர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்: 'எங்கள் வரம்பு வேறு.' அதனால் முதலில் வரம்பைக் கேளுங்கள். சொன்னால், அதில் எந்த இடம், ஏன் என்று உங்கள் வேலையை வைத்துப் பேசலாம். வரம்பின் உச்சியில் சேர்வதைவிட, நடுவில் சேர்ந்து மேலே போக இடம் வைத்துக்கொள்வது சில சமயம் நல்லது.

பதிவு போடும்போது ஒரு எச்சரிக்கை. பெயர் இல்லாமல் பதிவதால் ஆள் தெரியாது என்பது பெரிய நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். அந்த ஊரில், அந்தப் பதவியில் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், பதவிப் பெயரைப் பொதுவாக எழுதுங்கள், அனுபவத்தைச் சரியான ஆண்டாகச் சொல்லாமல் வரம்பாகச் சொல்லுங்கள். முடிந்தால் வேலையை விட்டு வந்த பிறகு பதியுங்கள்.