அயர்லாந்தின் பிரிவும் தென் இத்தாலியின் காத்திருப்பும்

1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிந்தைய தலைமுறைகளில் அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் மணமாகாத இளையோர்; ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். திரும்பி வருவோர் அரிது என்பதால், புறப்படுவதற்கு முந்தைய இரவில் உறவினர் கூடி, பிணத்தருகே கண்விழிப்பதைப் போலவே விடியும்வரை விழித்திருந்து வழியனுப்பினர். பின்னர்க் கடிதத்தோடு வந்த பணம் நிலக் குத்தகையைத் தீர்த்தது. அடுத்த தங்கைக்குக் கப்பல் சீட்டு வாங்கியதும் அதுவே என்பதால், உதவியே வீட்டை மேலும் வெறுமையாக்கியது.

தென் இத்தாலியிலிருந்து 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்றவர்களோ பெரும்பாலும் ஆண்கள், பலர் திரும்பினர். கணவன் உயிரோடிருக்கத் தனித்து வாழ்ந்த மனைவியர் ‘வெள்ளை விதவைகள்’ எனப்பட்டனர் (அங்கே விதவையின் நிறம் கறுப்பு). வருவானா மாட்டானா என்ற அவர்களது நிலை, அயர்லாந்துப் பெற்றோரின் துயரத்தைவிடக் குறைந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. கணவன் அனுப்பிய பணத்தைப் பெற்றுக் கடனடைக்கும் பொறுப்பு இம்மனைவியர் கைக்கு வந்தது. ஆயினும் நிலத்தை விற்க, 1919 வரை வழக்கமாகக் கணவனின் ஒப்புதலைச் சட்டம் கேட்டது.