ஹவாய் மொழியோடு நான்கு ஆண்டுகள்: செயலி, அகராதி, பழைய செய்தித்தாள்கள்

நாள்தோறும் கால்மணி நேரம் என்ற கணக்கில், கைப்பேசிப் பயிற்சிச் செயலி ஒன்றின் வழியாகவே ஹவாய் மொழிக்குள் நுழைந்தேன். வினைச்சொல் முன்னே நிற்க எழுவாய் பின்னே வரும் வாக்கிய அமைப்பை அது நன்றாகவே பழக்கியது. குறில் நெடில் வேறுபாடும், கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘காகௌ’, அவரை விலக்கும் ‘மாகௌ’ என்ற பிரிவும், நாம், நாங்கள் என்று பேசி வளர்ந்த எனக்குச் சிரமம் தரவில்லை.

சிக்கல் ‘என்’ என்ற சொல்லில் வந்தது. என் பிள்ளை என்பதற்கு ‘க’உ’, என் தாய் என்பதற்கு ‘கோ’உ’ என்று இரண்டு வடிவங்கள் உண்டு. பிள்ளை, உணவு, வேலை போல நாமாக உண்டாக்கிக்கொள்பவை ஒரு வகை. பெற்றோர், உடல், பெயர் போலப் பிறப்பிலேயே அமைந்தவை மறு வகை. செயலி இதை விளக்காமல் தவறு என்று மட்டும் காட்டிக்கொண்டிருந்ததால், மூன்று மாதங்கள் குருட்டாம்போக்கில் ஊகித்தே கழிந்தன. வெஹேவெஹே இணைய அகராதிக்கு வந்த பிறகே தெளிவு பிறந்தது. மேரி கவேனா பூகூயியும் சாமுவேல் எல்பர்ட்டும் தொகுத்து 1957இல் வெளிவந்த அகராதியை அங்கே தேடிப் பார்க்கலாம். இன்றுவரை நான் மிகுதியாகப் பயன்படுத்துவது அதைத்தான்.

இரண்டாம் ஆண்டில் உலுகௌ மின்னூலகத்தின் பழைய செய்தித்தாள்களைத் திறந்தபோது, படித்ததெல்லாம் மறந்துவிட்டதோ என்று திகைத்தேன். 1834இல் மாவுயித் தீவின் லஹைனாலுனாவில் தொடங்கி 1948 வரை, நூறு இதழ்கள் அளவில், ஏறத்தாழ 1,25,000 பக்கங்கள் இம்மொழியில் அச்சாகியுள்ளன. அவை பெரும்பாலும் குரல்வளைத் தடையை (தொண்டையில் ஒலி சட்டென நின்று தொடர்வதை) மேற்கோள் குறி போலக் காட்டும் ஓகினாவும், நெடிலை உயிரெழுத்தின் மேல் கோடாகக் காட்டும் கஹகோவும் இல்லாமலே அச்சிடப்பட்டவை. எனவே ‘பவு’ (முடிந்தது), ‘ப’உ’ (கரி), ‘ப’ஊ’ (ஈரம்), ‘பா’ஊ’ (பாவாடை) நான்கும் தாளில் ஒரே மூன்று எழுத்துகளாக நிற்கின்றன. புள்ளியும் ஏகார வேறுபாடும் இல்லாத நம் ஓலைச்சுவடிகளைப் படிக்க முயன்றவர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும்.

அன்றைய வாசகர்களுக்குக் குறிகள் தேவைப்படவில்லை. ஒலி அவர்கள் காதில் இருந்தது. ஹவாயின் அரசாட்சி கவிழ்க்கப்பட்ட 1893க்கு மூன்றாண்டுகளுக்குப் பின், பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலமே என்று சட்டம் வந்தது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் வழி அடைபட்டு, நீஹாவ் போன்ற சிறு தீவில்தான் மொழி வீட்டில் அறுபடாமல் நின்றது. 1978இல் ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது. 1983இல் உருவான பூனனா லெயோ அமைப்பு, மழலையர் நாள் முழுதும் ஹவாய் மொழியிலேயே பழகும் பள்ளிகளைத் தொடங்கியது. வீட்டில் கேட்காமல் பள்ளியில் கற்கும் தலைமுறைக்கு ஓகினாவும் கஹகோவும் கட்டாயமாயின. அலங்காரம் என்று நான் தொடக்கத்தில் எண்ணித் தட்டாமல் விட்ட அதே குறிகள்தாம் அவை.

புதிதாகத் தொடங்குவோர் கைப்பேசியில் ஹவாய் விசைப்பலகையை முதல் நாளே சேர்த்துக்கொள்ளலாம். செயலிக்கு ஓராண்டு போதும். பிறகு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தித்தாளுக்குப் போய்விடுவது நல்லது. இரங்கற் செய்திகளில் தொடங்குங்கள். ஒரே தொடர்கள் திரும்பத் திரும்ப வருவதால் குறியில்லாத சொற்களும் விரைவில் பிடிபடும். அரசியல் தலையங்கம் ஒரு பத்தியைப் படித்து முடிக்க எனக்கு இன்னும் ஒரு மாலைப்பொழுது ஆகிறது.