அம்மாவுக்கு வசனம் வாசித்த ஒன்றரை வருஷம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி படம் பார்ப்பது இரண்டே பேர். நானும் அம்மாவும். அம்மாவுக்குத் தமிழ் எழுத்தையே கூட்டித்தான் வாசிக்க வரும். இங்கிலீஷ் சுத்தமாகக் கிடையாது. எனக்கு ஒரு படத்தை அதன் சொந்த மொழியில் கேட்டால்தான் திருப்தி. அதனால் கீழே ஓடுகிற இங்கிலீஷ் வரியை நான் பார்த்து, அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். ஒன்றரை வருஷமாக இந்தக் கூத்து நடக்கிறது.

தமிழ் டப்பிங்கும் போட்டுப் பார்த்தோம். "எல்லாவனும் செய்தி வாசிக்க மாதிரி பேசுதானுவ, நீயே சொல்லுல" என்று சொல்லிவிட்டாள். வேலை என் தலையில் விழுந்தது.

பழகப் பழகச் சில வழிகள் பிடிபட்டன. வெளிநாட்டுப் பேர்களைச் சொல்லி லாபமில்லை. மொட்டை, கண்ணாடிக்காரன், சின்னவன் என்று வைத்துக்கொண்டால் கதை ஓடிவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சண்டை போட்டால் ஜெயிக்கிறவன் சொல்வதை மட்டும் சொன்னால் போதும். சிரிப்பு வசனம்தான் கஷ்டம். நான் சொல்லி முடிப்பதற்குள் திரையில் எவனோ அழுதுகொண்டிருப்பான்.

பெரிய தோல்வி 'ஓப்பன்ஹைமர்'. அணுகுண்டு செய்த விஞ்ஞானியின் கதை, மூன்று மணி நேரப் படம். கோட்டுப் போட்ட ஆட்கள் ஓயாமல் பேசுகிறார்கள். காலமும் முன்னும் பின்னுமாகத் தாவுகிறது. நாற்பது நிமிஷத்தில் என் தொண்டை கட்டிவிட்டது. "குண்டு எப்பம்ல போடுவான்?" என்று மூன்றாவது தடவை கேட்டதும் நிறுத்திவிட்டேன். அப்புறம் தனியாகப் பார்த்தேன். சோதனைக் குண்டு வெடிக்கையில் முதலில் வெளிச்சம் மட்டும் வந்து, சத்தம் வராமல் காக்க வைக்கிறார்களே, அந்த இடத்துக்காகவாவது அம்மாவை உட்கார வைத்திருக்கலாம்.

மலையாளம் பாதி வேலைதான். செங்கோட்டையே 1956 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பேசிப் பேசி அம்மாவுக்குக் காது பழகியிருக்கிறது. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்துக்கு நான் வாயைத் திறந்ததே குறைவு. 2006இல் கொடைக்கானல் குகைக்குழியில் நிஜமாகவே விழுந்த பையனின் கதை. கயிற்றில் ஒருத்தன் இறங்க ஆரம்பித்ததும் அம்மா "பைய, பைய" என்று டிவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். 1991இல் வந்த 'குணா' பாட்டை அங்கே கொண்டுவந்து வைத்தது கெட்டிக்காரத்தனம். முதல் அரைமணி நேரம் மட்டும் பையன்களின் கும்மாளம் கொஞ்சம் நீளம். 'பிரமயுகம்' முழுக்கக் கறுப்பு வெள்ளை. மம்மூட்டியின் சிரிப்பு எனக்கு ரெண்டு நாள் மனசில் கிடந்தது. அம்மாவோ பழைய படம் என்று நினைத்துத் தூங்கிவிட்டாள்.

இந்தியில் 'டுவெல்த் ஃபெயில்'. மாவு மில்லில் வேலை பார்த்துக்கொண்டே ஐபிஎஸ் பரீட்சைக்குப் படிக்கிற பையன். எங்கள் தெருவிலும் குரூப் 4 எழுதி எழுதி வயசைத் தொலைத்தவர்கள் உண்டு என்பதால் அம்மா ஒன்றி உட்கார்ந்திருந்தாள். ரிசல்ட் வருகிற நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. பத்து நிமிஷம் இருட்டில் இருந்தோம். "இம்புட்டு தூரம் காட்டுனவன் பாஸாக்காம விடுவானா" என்று எழுந்து படுக்கப் போய்விட்டாள். மறுநாள் மீதியைப் போட்டபோதும் வரவில்லை. அந்தக் கடைசிப் பகுதி உருக்கத்தை இழுத்துப் பிழிகிறது என்பதால் அவளுக்குப் பெரிய நஷ்டமில்லை.

'வாழை' தமிழ்ப் படம், நான் வாசிக்க வேண்டியதில்லை. அவள் எனக்குச் சொன்னாள். அம்மா பிறந்தது ஸ்ரீவைகுண்டம் பக்கம், படம் நடக்கிற அதே ஆற்றங்கரை. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் வாழைத்தார் சுமந்தவள். படத்துப் பையன் சிவனைந்தான் தார் சுமக்கப் பயந்து கிடக்கிற இடம் வந்ததும் எழுந்து, கிடந்த துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்துக் காட்டினாள். "தார் கனம் மண்டையில இல்ல, கழுத்துலதான் இருக்கும். ராத்திரி திரும்பிப் படுக்க முடியாது." அப்புறம் வாழைக்கறை. அது பட்ட துணி எத்தனை வெளுப்புக்கும் போகாதாம். அதற்கென்றே ஒரு பாவாடையை வைத்திருந்தாளாம், அது வேலைப் பாவாடை. தாருக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டு அவர்கள் மல்லுக்கட்டுவதை நான் படமாகப் பார்த்தேன். அவள் கணக்காகப் பார்த்தாள். டீச்சர் பகுதி கொஞ்சம் சினிமாத்தனம் என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை. படம் முடிந்து ரொம்ப நேரம் லைட்டைப் போட விடவில்லை.

'வாழை' வந்த அதே 2024 ஆகஸ்ட் 23இல் வந்த இன்னொரு படம் 'கொட்டுக்காளி'. இதுவும் தமிழ்தான், ஆனால் இதற்குத்தான் அதிகமாக விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பின்னணி இசையே கிடையாது. பத்தாவது நிமிஷத்தில் "டிவி கெட்டுப்போச்சோ?" என்றாள். கதாநாயகி கிட்டத்தட்டப் படம் முழுக்க வாயே திறக்கவில்லை. ஆட்டோவும் கட்டிப்போட்ட சேவலுமாகப் போகிறது. முடிவைச் சொல்லாமல் விட்டதில் அம்மாவுக்குக் கடுங்கோபம். எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஜப்பானிய மொழியில் 'பெர்ஃபெக்ட் டேஸ்', எடுத்தது ஜெர்மன்காரர் விம் வெண்டர்ஸ். டோக்கியோவில் பொதுக் கழிப்பறை கழுவுகிற ஒரு பெரியவர். பேச்சு குறைவு, எனக்கு ஓய்வு. காலையில் எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கிறார், வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறார், வேனில் கேசட் போட்டுக்கொண்டு போகிறார். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தைச் சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்துத் தேய்க்கிறார். ஒரு கழிப்பறைக்குச் சுவரே கண்ணாடி. "எல, வெளிய எல்லாம் தெரியுமே!" என்று அம்மா பதறிவிட்டாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டதும் கண்ணாடி மங்கிவிடும் என்று படமே காட்டிய பிறகுதான் அமைதியானாள். கோஜி யகுஷோவுக்கு இதற்காக 2023இல் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கடைசியில் அவர் முகம் மட்டும் சிரிப்பும் அழுகையுமாக ஓடுகிறபோது "என்ன சொல்லுதாரு?" என்றாள். ஒண்ணும் சொல்லவில்லை எம்மா என்றேன்.

படத்தின் குறையையும் அவள்தான் பிடித்தாள்: "எல்லாம் ஏற்கெனவே சுத்தமாத்தான கெடக்கு, எதைத் தேய்க்காரு?" நான் அதுவரை அதை யோசிக்கவே இல்லை.

ஆனாலும் மூன்று தடவை போடச் சொல்லிவிட்டாள். இப்போது புதுப் படம் எதை எடுத்தாலும் எந்த ஊர், யார் நடித்தது என்றெல்லாம் கேட்பதில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரே கேள்விதான்: "இதுல பேச்சு எம்புட்டுல உண்டு?"